பெயரில்லாத பாறையில் மாப்பிள்ளை பார்த்தது

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, சப்பாத்தைக் கழற்றும் எண்ணமே இல்லாதவராய், தம் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். அவரும் அவரையொத்த முதியவர்களும் சேர்ந்து ஒரு நடைபயணக் குழு அமைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் நிறத்தில் மேற்சட்டை. எல்லோருக்கும் முழங்கால் தெரியும் காற்சட்டை. கரடியனாற்றுக்கு மேற்கே காட்டுக்குள் இருக்கும் சேவற்பாறையின் உச்சியில் நின்று, பறக்கப் போகிறவர்களைப் போலக் கைகளை விரித்திருந்தார்கள்.

"அடுத்த மாசம் நீங்களும் வாங்க, மாஸ்டர். பாதையெல்லாம் வெட்டி அம்புக்குறி போட்டிருக்கம். இனி ஆருக்கும் வழி தவற ஏலா" என்றார்.

அந்தப் பாறையை நான் அறிவேன் என்றும், அவர் வங்கியிற் சேருமுன்பே அந்தக் காட்டில் நடந்திருக்கிறேன் என்றும், அப்போது நாங்கள் முழங்காலை மூடிக்கொண்டு நடந்தோம் என்றும் அவருக்குத் தெரிவித்தேன். அவர் சிரித்தபடி போய்விட்டார். போன பிறகுதான் கவனித்தேன்: அவருடைய சப்பாத்து நின்ற இடத்தில், மஞ்சளாக நசுங்கிய ஏதோ ஒன்று தரையில் ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். பாலைப்பழம்.

நண்பரே, பாலைப்பழத்தின் மணத்தை அறியாதவருக்கு அதை எழுத்தில் விளக்குவது கடினம். இனிப்பும் பாலும் சற்றே பழுதடைந்த தேனும் கலந்ததுபோல் இருக்கும். உண்ணும்போது தேவாமிர்தம், உண்டு முடித்ததும் அதன் பால் உதடுகளில் ஒட்டிக்கொள்ள, வாயைத் திறப்பது பெரும்பாடாகும். தேங்காயெண்ணெய் தடவினால்தான் விடும். ஒருமுறை எங்கள் பாடசாலையைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி ஒருவர், வழியில் ஆசைப்பட்டு ஒரு மடி நிறையப் பாலைப்பழத்தைத் தின்றுவிட்டு, எங்கள் குறைகளைச் சுட்டிக்காட்ட வாயைத் திறக்க முடியாமல், கண்ணாலேயே கண்டித்துவிட்டுப் போனார். அவ்வாண்டு எங்கள் பாடசாலைக்கு மிக நல்ல அறிக்கை கிடைத்தது.

அந்தப் பாடசாலைதான் என் முதல் நியமனம். நான் நகரத்துக் கல்லூரியிற் கற்றவன். அங்கே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டவற்றுள் இன்றும் என் நினைவில் நிற்பது, கண்ணியமான மனிதன் எக்காரணத்தாலும் ஓடமாட்டான் என்பதாகும். ஆகவே கரடியனாற்றுக்கு வந்த முதல் மாரியில், கொட்டும் மழையில், வட்டை என்னும் வயல்வெளி நடுவே போகும் வரம்பில், வெள்ளை நீளக்காற்சட்டையுடன் நான் ஆறுதலாக, அவசரமின்றி நடந்து பாடசாலைக்குப் போனேன். வயலில் நின்றவர்கள் என்னைப் பார்த்து மனமிரங்கி, புதிய மாஸ்டருக்குக் காலில் ஏதேனும் நோயா என்று பாடசாலை அதிபரிடம் விசாரித்தார்களாம்.

ஓடாமை ஒன்று; கூவாமை மற்றொன்று. காட்டோரத்து மக்களுக்குக் கூவுதல் என்பது நடப்பதுபோல் இயல்பானது. காட்டுக்குள் போகிறவர் இடையிடையே வாயிற் கை குவித்து ஒரு நீண்ட கூவல் விடுவார். தன் கூட்டத்தாருக்குத் தான் இருக்கும் இடத்தை அறிவிப்பது ஒரு காரணம். மனிதன் வருகிறான், வழிவிடு என்று கரடிக்குச் சொல்வது மற்றொரு காரணம். கரடிக்கு எதிர்பாராமல் எதிர்ப்படுவது ஆகாது. கூவலைக் கேட்டவர் கட்டாயம் பதில் கூவவேண்டும். பதில் கூவாதவன் ஒன்று பேயாக இருக்கவேண்டும், இல்லையேல் பட்டணத்தானாக இருக்கவேண்டும் என்பார்கள்.

எனக்கோ, கூவுதல் என்பது நாடகமேடையை நோக்கிப் பின்வரிசைக் காலிகள் செய்யும் காரியம். எங்கள் கல்லூரியில் அதற்குப் பிரம்படி உண்டு. அந்த மரபை நானும் கரடியனாற்றுக்குக் கொண்டுவந்திருந்தேன். பரிசளிப்பு விழாவிற் கூக்காட்டிய எட்டாம் வகுப்பு முழுவதையும் வெயிலில் நிற்கவைத்த பெருமை என்னைச் சாரும். அவர்கள் கூக்காட்டியது என் உரையின்போது என்பது வேறு விடயம்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பகுதியிற் பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுத்து, மாப்பிள்ளையைத் தங்கள் வீட்டுக்கே எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகவே சோதனைக்கு உள்ளாகிறவர் பெரும்பாலும் மாப்பிள்ளையே. சோதிக்கிறவர் பெண்ணின் தாய்மாமன். அவர் தலையசைக்காவிட்டால் பெண்ணைப் பெற்ற தகப்பனாராலும் ஒன்றும் ஆகாது.

அந்த முதல் மாரி கழிந்த வைகாசியில், கண்ணகை அம்மன் கோயிற் சடங்கிலே, ஒரு வளையற்கடை முன்னால் ஒரு பெண்ணைக் கண்டேன். கைக்குப் போடும்போதே உடைந்த வளையலுக்கு யார் பொறுப்பு என்று கடைக்காரருடன் அவர் வாதாடிக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை, ஒரு சொல்லை வீணாக்கவுமில்லை. கடைக்காரர் தோற்றார். நான் அவ்விடத்திலேயே நின்று அந்த வாதத்தை முடிவுவரை கேட்டேன் என்பதையும், அதன் பிறகு எனக்கு வந்த வேறு கலியாணப் பேச்சுகளுக்கெல்லாம் ஏதோ காரணம் சொல்லித் தட்டிக் கழித்தேன் என்பதையும் மட்டும் இங்கே குறிப்பிடுவது போதுமானது.

விசாரித்ததில், பெண் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையைச் சேர்ந்தவர். ஆசிரியப் பயிற்சி முடித்தவர். தாய்மாமன் ஓய்வுபெற்ற தபாலதிபர். என் தரப்பிலிருந்து சொல்லியனுப்பப்பட்டது. பதில் வரவில்லை. ஆனால் ஆகஸ்டு விடுமுறையில் நாங்கள் ஆசிரியர்களெல்லாம் சேவற்பாறைக்குப் போவதாக இருந்த நாளுக்கு முதல்நாள், எங்கள் அதிபர் என்னைத் தனியே அழைத்து, தபாலதிபர் ஒருவர் நாளை எங்களுடன் வருகிறார் என்றார். பாறையிலிருந்து பார்த்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டாராம்.

எழுவான்கரைக்காரர் ஒருவர் பாறை பார்ப்பதற்கென்று வாவியைக் கடந்து மேற்கே எங்கள் படுவான்கரைக்கு வந்ததாக வரலாறு இல்லை. அன்று காலை என் சப்பாத்தை இரண்டு முறை மினுக்கினேன்.

தபாலதிபர் மெலிந்து நெடிதுயர்ந்த மனிதர். வெள்ளை வேட்டி, கழுத்துவரை பொத்தானிட்ட சட்டை, கறுப்புக் குடை. முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. கடிதத்தைக் கொடுப்பார்; அதற்குள் இருப்பது மரணச் செய்தியா மங்கலச் செய்தியா என்பது அவர் முகத்திலிருந்து தெரியவராது என்று அவர் ஊரிற் சொல்வார்களாம். என்னைக் கண்டதும், "மாஸ்டர்தானே?" என்றார். "ஓம் ஐயா" என்றேன்.

காடு வந்ததும் தொல்லை தொடங்கியது. முன்னால் நடந்தவர் ஏறாவூரைச் சேர்ந்த கணித ஆசிரியர் சலீம் மாஸ்டர். சோற்றுப் பெட்டியும் தயிர்ச் சட்டியும் அவருடைய பொறுப்பில் இருந்தன. தயிர்ச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை "கூ" என்று கூவினார். பின்னால் வந்த ஆசிரியர்களெல்லாம் பதில் கூவினார்கள். சித்திர ஆசிரியர் கூவலில் சங்கதி போட்டார். எங்கள் அதிபரே கூவினார். நான் ஓரக்கண்ணால் தபாலதிபரைப் பார்த்தேன். அவர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல பொருளாக இருக்கமுடியாது என்று மட்டும் தோன்றியது.

நான் விரைந்து சலீம் மாஸ்டரிடம் போய், இதை நிறுத்தும்படி தணிந்த குரலிற் கேட்டேன்.

"பாலப்பழக் காலம், மாஸ்டர். கரடி இரிக்கும்" என்றார் அவர்.

"நாங்க ஆசிரியர்கள், சலீம் மாஸ்டர்."

"அது கரடிக்குத் தெரியுமா?"

எனக்கு வேறொரு வழி தோன்றியது. வறண்ட ஓடையொன்றைக் கடந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. கூட்டம் வலப்பக்கம் போயிற்று. நான் தபாலதிபரிடம் திரும்பி, இடப்பக்கப் பாதை அமைதியானது, நிழலானது, அதுவும் அங்கேதான் போகிறது என்றேன். இவற்றுள் முதல் இரண்டும் உண்மை.

அவர் என் பின்னால் வந்தார். காட்டுக்குள்ளும் குடையை விரித்தே பிடித்திருந்ததால், அடிக்கடி சூரைமுள் அதைப் பிடித்து இழுத்தது. நான் திரும்பி முள்ளை விடுவிப்பேன்; அவர் நன்றி சொல்வார்; அந்த இடைவெளியில் ஒரு கேள்வி கேட்பார். வெற்றிலை போடுவேனா, சீட்டாடுவேனா, கோபம் வருமா என்பனவாக அது போயிற்று. நியாயமான காரணத்துக்கு மட்டுமே கோபம் வரும் என்றேன். ஒவ்வொரு விடைக்கும், முத்திரை குத்துவதுபோல் தலையை ஒருமுறை இறக்கினார். என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சையும் இவ்வளவு நன்றாக நடந்ததில்லை என்று எண்ணிக்கொண்டு ஒரு கற்பாறையில் ஏறினேன். சப்பாத்து வழுக்கிய இடங்களில், காட்சியை இரசிப்பதற்காகக் குனிந்தவனைப்போல் கைகளை ஊன்றிக்கொண்டேன்.

உச்சிக்கு வந்தோம். சொல்லத்தான் வேண்டும்: காட்சி அழகானது. கீழே காடு, காட்டுக்கு அப்பால் உன்னிச்சைக் குளம் ஒரு வெள்ளித் தகடு, அதிலிருந்து வட்டை வட்டையாகச் சிறுபோக வயல், கிழக்கே கண்ணுக்கெட்டிய தொலைவில் வாவியின் மினுக்கம். வடக்கே குடும்பிமலையின் கொண்டை. நேர் எதிரே, இடையில் ஒரு பள்ளத்துக் காடு மட்டும் இருக்க, எங்களுடையதை விட உயரமான மற்றொரு பாறை. அதன் உச்சியிலே சிறுசிறு உருவங்கள். ஓர் உருவத்தின் தலையில் ஒரு சட்டி.

தபாலதிபர் குடையைச் சாய்த்து அந்தத் திசையைப் பார்த்தார்.

"அங்க நிக்கிறது உங்கட ஆக்கள் இல்லையா, மாஸ்டர்?"

"ஓம் ஐயா."

"அப்ப சேவற்பாறை அதுதானே?"

"அதையும் அப்பிடிச் சொல்லுறவங்க இருக்கிறாங்க, ஐயா."

"இதுக்கு என்ன பேர்?"

"இதுக்கு இன்னும் பேர் வைக்கல்ல."

அவர் தலையை இறக்கவில்லை.

எதிர்ப்பாறையிலிருந்து கூவல் வந்தது. எங்களைத் தேடுகிறார்கள். நான் தபாலதிபரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் கூவினால், அன்று மாலையே எழுவான்கரைக்கு, "மாப்பிள்ளை கூக்காட்டுற ஆள்" என்ற செய்தி போய்விடும். அவர் ஏன் கூவவில்லை என்பது அவருக்குத்தான் வெளிச்சம். இருவரும் அந்தக் கூவல் எங்களுக்குரியதன்று என்பதுபோற் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மறுபடியும் கூவினார்கள். நான் நீர்ப்பாசனம் பற்றி ஒரு கருத்தைத் தெரிவித்தேன். அவர் ஆமோதித்தார். பிறகு அவர்கள் கூவுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து சோற்றுப் பெட்டியைத் திறந்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்தும் பொரித்த மீன் மணத்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

"எனக்குப் பசி இல்ல" என்றார் தபாலதிபர். நான் கேட்கவில்லை.

இறங்கிவிடலாம் என்று நான் பாறையின் விளிம்புக்கு வந்தபோதுதான் அடியிலிருந்து அந்த ஓசை கேட்டது. யாரோ பற்கள் இல்லாத முதியவர் மாம்பழம் சூப்புவது போன்ற ஓசை.

"ஆரோ பாலப்பழம் சாப்பிடுறாங்க போல" என்றார் தபாலதிபர்.

"ஆள் இல்ல, ஐயா."

"அப்ப?"

நான் கையால் காட்டினேன். நாங்கள் ஏறிவந்த ஒரே வழியில், ஒரு பாலை மரத்தடியில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. உதிர்ந்த பழத்தையெல்லாம் அது அவசரமின்றி உறிஞ்சிக்கொண்டிருந்தது. என்னைப் போலவே அதுவும் ஓடுவதில் நம்பிக்கையற்றது என்பது தெரிந்தது.

தபாலதிபர் குடையை மெல்ல மடக்கினார். "இஞ்சால பாக்குதா?"

"இன்னும் இல்ல, ஐயா."

"பாக்குமட்டும் நிக்கப் போறமா?"

கரடி மனிதனைத் தாக்கினால் முதலிற் பிடிப்பது முகத்தைத்தான் என்று அந்தப் பக்கத்தார் சொல்லக் கேட்டிருந்தேன். கலியாணப் படம் என் மனக்கண்முன் வந்துபோயிற்று. நான் செய்யவேண்டியது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். எட்டாம் வகுப்பில் வெயிலில் நின்றவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். வளையற்கடை முன்னால் நின்ற பெண்ணின் முகத்தையும் நினைத்தேன். இனி அந்த முகத்தைக் காணும் உரிமை எனக்கில்லை என்றும் நினைத்தேன். கழுத்துப் பொத்தானைக் கழற்றினேன். விழாவில் உரையாற்றுமுன் செய்வதுபோலத் தொண்டையைச் செருமினேன். கைகளைக் குவித்தேன். கூவினேன்.

வெளிவந்தது கூவல் அன்று. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த கோழிக்குஞ்சு, தாயைக் காணாமற் போட்ட ஒலி. கரடி திரும்பிப் பார்த்தது. தவறான விடையைக் கேட்ட பரீட்சகரின் முகம் அதற்கு. பிறகு பழத்துக்குத் திரும்பிவிட்டது.

மறுபடி கூவினேன். நெஞ்சிலிருந்த முழு மூச்சையும் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கால் நுனியில் எழும்பிநின்று கூவினேன். இம்முறை கோழிக்குஞ்சு இரண்டாயிற்று. நான் அப்போது தபாலதிபருக்கு முன்னால், அவரை மறைத்தபடி நின்றேன். இது வீரமென்று எவரும் கொள்ளவேண்டாம். பின்னால் நிற்கப் பாறையில் இடம் இருக்கவில்லை.

அப்போது தபாலதிபர் என் தோளைத் தொட்டார். "இதப் பிடிங்க" என்று குடையை என் கையிற் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். வாயிற் கை குவித்தார்.

நண்பரே, அந்தக் கூவலை நான் இன்றும் கேட்கிறேன். அது தாழ்ந்து தொடங்கி, பாறையைச் சுற்றி எழுந்து, உச்சியில் உடையாமல் நின்று, காட்டின் மேலாகக் குளத்துவரை போயிற்று. பறவைகள் அடங்கின. எதிர்ப்பாறையிற் சோற்றைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து ஒன்றாகப் பதில் கூவினார்கள். இரண்டு பக்கமும் ஆள் என்று கண்ட கரடி, பெரும் சலிப்புடன் எழுந்து புதருக்குள் போய்விட்டது.

தபாலதிபர் வேட்டியை இறக்கிவிட்டார். "சின்ன வயசில வட்டையில காவல் இருந்தனான். பண்டி வயலுக்க வராமக் கூவுறது" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஓர் இளைஞனின் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. குடையை வாங்கி விரித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இது ரெண்டு பேருக்குள்ள கிடக்கட்டும், தம்பி."

"எது, ஐயா?"

"ஓம். அதுதான்."

காலையிலிருந்து மாஸ்டராக இருந்த நான் தம்பியானதை, கீழே இறங்கிய பிறகுதான் கவனித்தேன்.

ஓடையருகே கூட்டத்தைச் சந்தித்தோம். மீன் தீர்ந்திருந்தது, சோறு கொஞ்சமும் தயிரும் இருந்தன. சலீம் மாஸ்டர் என்னருகே வந்து, இரண்டு குரல் கேட்டதே, அந்தப் பெரிய குரல் ஆருடையது என்று கேட்டார். எதிரொலி என்றேன். எதிரொலி முதற்குரலை விடப் பெரிதாக இருப்பதைத் தாம் எந்தக் கணிதத்திலும் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, என் இலையில் இன்னும் ஓர் அகப்பை தயிர் போட்டார்.

அந்த ஆவணி முடியுமுன்பே கலியாணம் நடந்தது. வளையற்கடை வழக்காளியிடம் நானும் பலமுறை வாதாடித் தோற்றிருக்கிறேன். அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. தபாலதிபர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துக்கொள்வோம். இரகசியத்தைப் பங்கிட்ட இரு கனவான்களின் பார்வை அது. நடுவிலே போர் வந்து, பல ஆண்டுகள் அந்தக் காட்டுப் பக்கம் எவரும் போகமுடியாத காலமாயிற்று. பாறைகளைப் பற்றிப் பேசுவதையே ஊர் மறந்தது. எங்கள் பார்வை மட்டும் மாறவில்லை. நான் அதை எவரிடமும் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை என்று நம்பியிருந்தேன்.

அவர் காலமானபோது, மரண வீட்டில் என் மாமி, அதாவது அவருடைய அக்கா, தலைமாட்டில் இருந்தார். அழுது ஓய்ந்த நேரம். சுற்றியிருந்த பெண்களுக்குத் தம்பியைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் திடீரெனச் சிரித்துவிட்டார்.

"இவர மாப்பிள்ள பாக்கப் போன கதை தெரியுமா கா? அண்டைக்குப் பின்னேரம் வந்த கையோட, இவர் கூவினதக் கூவிக் காட்டினான். கோழிக்குஞ்சுதான். நாங்க சிரிச்சுச் சிரிச்சு எழும்ப ஏலாமப் போச்சு. மறுகா சொன்னான், 'அக்கா, அந்தப் பொடியன் தண்ட மரியாதைய உட்டுட்டு எனக்கு முன்னால நிண்டு கூவினவன். குடுக்கலாம்' எண்டு."

பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். அவர்களிற் பலர் இதை முன்பே கேட்டிருந்தார்கள் என்பது சிரித்த விதத்தில் தெரிந்தது. கலியாண நாளிலிருந்து நான் நிமிர்ந்து நடந்த அந்த வீட்டிலே, எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. என் மனைவிக்கும்.

"வேற ஒண்டும் சொல்லல்லையா, மாமி?" என்று கேட்டேன்.

"வேற என்ன கிடக்கு?"

நான் தபாலதிபரைப் பார்த்தேன். நெற்றியில் திருநீற்றுடன், எந்தச் செய்தியையும் வெளிவிடாத அதே முகம். மடித்துக் கட்டிய வேட்டியும், காட்டை அடக்கிய அந்தக் குரலும், ஒரு கணம் வந்துபோன அந்தச் சிரிப்பும் எனக்கு மட்டும் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் கணக்குச் சமமாகிவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததும் உண்மை.

"ஒண்டும் இல்ல, மாமி" என்றேன்.

இப்போது மாமியும் இல்லை. சலீம் மாஸ்டரும் இல்லை. இருந்திருந்தால் அந்த எதிரொலிக்கு ஒரு கணக்குப் போட்டிருப்பார். முகாமையாளரின் காணொளியில், எதிரே எங்கள் பெயரில்லாத பாறையையும் கண்டேன். அதன் உச்சியிலே இப்போது தொலைபேசிக் கோபுரம் நிற்கிறது. அதை அவர்கள் டவர் பாறை என்கிறார்கள். அதனடியிற் பாலை மரம் நின்ற இடத்திற் கற்கள் பரப்பிய தெரு. அவர்கள் கூவுவதில்லை, அதற்கு அவசியமும் இல்லை. ஒருவர் பின்தங்கினால் கைபேசியில் அழைக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, தரையிலிருந்த பழத்தைத் துடைத்துவிட்டு வந்து, என் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். இனி மறைப்பதற்கு ஆள் இல்லை என்று எண்ணினேன்.

"எங்கட மாமாவா?" என்றார் அவர். "அவர் பந்தியில தண்ணி கேக்கக்கூடச் சத்தம் போடாத மனிசன். நீங்க கூவின கதைக்கு அவரையும் கூட்டுச் சேக்காதீங்க."

எவ்வளவோ வாதாடினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. ஒரு சொல்லை வீணாக்கவுமில்லை. யார் பார்த்தார்கள், யார் கேட்டார்கள் என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தால், தபாலதிபர் அன்று கூவினார் என்று சத்தியம் செய்யக்கூடிய உயிர் என்னைத் தவிர அந்தக் கரடி ஒன்றுதான். அதுவும் இன்று இருக்கமுடியாது.